ஜேகுவெரி

வலைப்பக்கங்களில் அசைவும் ஊடாட்டமும் சேர்ப்பதற்காக ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட திறமூல நிரலகம். அமெரிக்க நிரலாளர் ஜான் ரெசிக் 2006 ஜனவரியில் நியூயார்க்கில் இதை வெளியிட்டார்.

அந்நாளில் ஒரே நிரல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ஒருவிதமாகவும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-இல் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். பொத்தானைச் சொடுக்கினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வதற்கே முன்னதில் ‘ஆட்இவென்ட்லிசனர்’, பின்னதில் ‘அட்டாச்இவென்ட்’ என இரண்டு கட்டளைகள் தேவைப்பட்டன. நிரலாளரின் நேரத்தில் பெரும்பகுதியை இந்தச் சில்லறைச் சண்டையே தின்றது. ஜேகுவெரி அந்த வேறுபாடுகளைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்க வடிவமைப்பாளர்கள் முன்பே பழகியிருந்த சிஎஸ்எஸ் குறிமுறையை டாலர் குறியையடுத்த அடைப்புக்குள் எழுதினால் வேண்டிய உறுப்பு கைக்கு வரும். அதைத் தொடர்ந்து நிறம் மாற்று, மறை, நகர்த்து எனக் கட்டளைகளைப் பூத்தொடுப்பது போல ஒரே வரியில் கோத்துச் செல்லலாம். நிரல் பயிலாத பலரும் துணிந்து எழுதத் தொடங்கியது இந்த எளிமையால்தான். அதுவே இதன் பெருங்கொடை.

பிற்காலத்தில் உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும் ‘குவெரிசெலக்டர்ஆல்’, தரவைப் பெறும் ‘ஃபெட்ச்’ போன்ற வசதிகள் உலாவிகளிலேயே வந்துவிட்டன. 2018-இல் நிரல் பகிர்வுத் தளமான கிட்ஹப் தன் முகப்பு நிரலிலிருந்து ஜேகுவெரியை நீக்கியது. 2021-இல் வந்த வலை வடிவமைப்புச் சட்டகமான பூட்ஸ்ட்ராப் 5-உம் அதைச் சாராமல் எழுதப்பட்டது. புதிதாகத் தொடங்கும் தளத்துக்கு இன்று இது அவசியமில்லை. பழைய தளங்களைப் பராமரிப்பவர் மட்டும் இதைக் கற்றே ஆக வேண்டும்: தளங்களை உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் இன்னமும் இதைத் தன்னுடன் சேர்த்தே வழங்குகிறது.