தோட்டத்து முதுமை

தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் வருகையை விரிவாகக் கூறுவர், உழைப்பையும் கூறுவர். உழைத்து ஓய்ந்தபின் அவர்கள் நிலை என்னவாயிற்று என்று ஆராய்ந்தோர் சிலரே.

நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிவந்த காலத்தில், 1907இல், குடியேற்ற நிதியொன்று நிறுவப்பட்டது. முதலாளிகள் செலுத்திய வரியே அதன் வருவாய். தென்னிந்தியத் தொழிலாளரைக் கட்டணமின்றிக் கப்பலேற்றிக் கொணர்வது அதன் முதல் நோக்கம். தளர்ந்தோரை ஊருக்குத் திருப்பியனுப்பும் செலவும் அதனுடையதே. முதுமைக்கு அன்றைய ஆட்சியாளர் கண்ட மருந்து கப்பற்சீட்டு!

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றது. முதியோரின் உறைவிடத்திற்கோ அத்தகைய உறுதி இல்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். ஆயினும் மகனோ மகளோ அதே லயத்தில் பால்மரம் வெட்டியதால் முதியவருக்கு ஒரு மூலை கிடைத்தது. பால்வெட்ட இயலாத மூதாட்டி ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அவரைக் காத்தது சட்டமன்று, சுற்றமே.

1938இல் இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதைத் தடுத்தது. ஆளைக் கொணரப் பிறந்த நிதி, 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, முதியோர் நலத்தையும் தன் பணியாக ஏற்றது. 1999இல் அதுவும் கலைக்கப்பட்டது. இதற்கிடையில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லாபு, நீலாய்ப் பக்கங்களில் நகரங்கள் வளர்ந்தன. இளையோர் வேலை தேடிப் பெயர, சுற்றமும் கலைந்தது.

இன்று சிரம்பானில் அரசின் ஸ்ரீ கெனாங்கான் முதியோர் இல்லம் உண்டு. ஆதரவற்றோருக்கு அது பெருந்துணை. எனினும், பிறந்து வளர்ந்த இடத்தையும் கோயிலையும் பிரிய மனமில்லாதவருக்கு, பகலில் கூடி உணவும் பேச்சும் துணையும் பெற்று மாலையில் வீடு திரும்பும் பராமரிப்பு நிலையமே ஏற்றது. நால்வருக்குக் குறையாமல் ஏற்கும் நிலையங்கள் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற வேண்டும்.

தொடங்குவது எளிது, நிலைப்பதே அரிது. நம் வரலாறு கற்பிக்கும் பாடம் யாது? வெளியிலிருந்து வந்த நிதி ஓர் ஆணையால் பிறந்தது. மற்றோர் ஆணையால் மறைந்தது. சுற்றமோ, பிழைப்புத் தேடிப் பிரிந்தது. ஆகவே இரண்டும் இணைதல் வேண்டும். அரசு மானியத்தோடு, வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் மாதந்தோறும் ஒரு சிறுதொகை தருக. கோயிற்குழு இடம் தருக. பெண்கள் முறைவைத்துச் சமைக்க, அதற்குரிய கூலியும் பெறுக.

கணக்கை யார் எழுதுவது? தோட்டத்து மக்களுக்குக் கடிதமும் மனுவும் எழுதித் தந்தவர்கள் தமிழாசிரியர்கள். இக்கணக்கும் நமக்குரியதே. நம் பள்ளிகளை வெள்ளிக்காசு சேர்த்து நிறுத்தியவர்கள் அம்முதியோர் அல்லரோ?