மறுமுறை வராத நோயாளி: திருவண்ணாமலைப் புறநோயாளர் மருத்துவமும் ஆன்டிபயாடிக் பயன்பாடும்

புறநோயாளருக்கு ஆன்டிபயாடிக் மிகுதியாக எழுதப்படுவதற்கு மருத்துவரின் தயக்கம், மருந்து நிறுவனங்களின் தூண்டுதல், நோயாளியின் அவசரம் ஆகிய மூன்றைக் காரணமாகச் சொல்வது வழக்கம். திருவண்ணாமலையில் இவற்றைவிட வலுவான நான்காவது காரணம் ஒன்று உண்டு என்பது என் வாதம். இங்கே நோயாளி மறுமுறை வரமாட்டார்.

சளி, தொண்டைவலி, இருமல் ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. முதல் நாள் காய்ச்சலில் எது வைரஸ், எது பாக்டீரியா என்று சிறு கிளினிக்கில் உறுதிசெய்ய வழியில்லை. "ரெண்டு நாள் பார்த்துட்டு வாங்க" என்பதுதான் மருத்துவரிடம் உள்ள செலவில்லாத பரிசோதனை. பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து அன்றிரவே சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுபவரிடம் அது செல்லாது. செங்கத்திலிருந்தோ ஜவ்வாது மலையிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரிடமும் செல்லாது. ஆகவே இரண்டாம் வருகையில் எழுத வேண்டியிருக்கலாம் என்று தோன்றும் மருந்து முதல் வருகையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

அண்டை மாவட்டமான வேலூரில் 2003 முதல் 2005 வரை கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) ஆய்வாளர்கள் மருத்துவமனைகள், கிளினிக்குகள், மருந்துக்கடைகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் தரவு திரட்டினர். ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஆன்டிபயாடிக் பெற்றிருந்தனர். இந்தியத் தனியார் துறை ஆன்டிபயாடிக் விற்பனையில் 2019-இல் முதலிடம் பிடித்தது அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை. ஒரு நாளைக்கு ஒன்று, மூன்று நாள், ஒரே அட்டை. பயணத்தில் இருப்பவருக்கு இதைவிடத் தோதான மருந்து கிடையாது. சிக்கலும் அங்கேதான். இதே அசித்ரோமைசின் டைபாய்டுக்கு இன்றும் கைகொடுக்கிறது. கடுமையான ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலில் டாக்சிசைக்ளினோடு இதைச் சேர்த்துத் தருவது நல்ல பலன் தருவதாக வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. சளிக்குச் செலவழிப்பது இந்தக் கையிருப்பைத்தான்.

மருத்துவரின் அச்சத்தையும் அலட்சியம் செய்ய முடியாது. ஸ்க்ரப் டைஃபஸ் இந்த வட்டாரத்துக்குப் பழகிய நோய். தாமதித்தால் உயிரைக் குடிக்கும். "எழுதாதீர்கள்" என்ற வெறும் அறிவுரை அவர் காதில் ஏறாததில் வியப்பில்லை.

சட்டமும் முழுமையாகத் துணைநிற்கவில்லை. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த, மருந்து விதிகளின் எச்1 அட்டவணை, அதிலுள்ள மருந்தைப் பெறும் நோயாளி பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் குறிக்கச் சொல்கிறது. செபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் அதில் இருந்தது, அசித்ரோமைசின் இல்லை. சீட்டே இல்லாமல் "காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை" கேட்பவருக்கு மெடிக்கலில் எந்தத் தடையும் எழுவதில்லை.

வெளிநாட்டுத் தீர்வுகளை அப்படியே நடுவதும் பயன் தராது. இங்கிலாந்தில் மிகுதியாக எழுதிய மருத்துவர்களுக்குத் தலைமை மருத்துவ அதிகாரி அனுப்பிய ஒரு கடிதமே பயன்பாட்டை 3.3 விழுக்காடு குறைத்தது. யார் எவ்வளவு எழுதுகிறார் என்ற கணக்கு அங்கே இருந்தது. நம் தனியார் கிளினிக்குகளில் இல்லை. "இரண்டு நாள் கழித்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சீட்டு கொடுக்கும் முறையும் கடைக்காரர் சீட்டை மதிக்கும் ஊரில்தான் எடுபடும்.

இங்கே தேவைப்படுவது இரண்டாம் வருகையை வேறு ஊருக்கு மாற்றும் சீட்டு. காய்ச்சல் எத்தனை நாள், கண்டது என்ன, ஆன்டிபயாடிக் ஏன் எழுதப்பட்டது அல்லது எழுதப்படவில்லை, எந்த அறிகுறி கண்டால் உடனே ஓட வேண்டும் என்பவை அதில் தமிழில் இருக்க வேண்டும். காரணத்தைச் சீட்டில் எழுதுமாறு மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2024 ஜனவரியிலேயே மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. தமிழ்நாட்டுக்குள் இது கூடுதலாக எடுபடும். 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதலால் அடிப்படை மருந்துகள் எல்லா ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் போகின்றன. சீட்டோடு போகிறவர் அங்கே புது நோயாளி அல்லர்.

தனியார் கிளினிக்குகளை இதற்கு இசைய வைக்க நாளாகும். கார்த்திகை தீபத்தின்போது சுகாதாரத் துறை அமைக்கும் மருத்துவ முகாம்கள் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்குபவை. வரும் தீபத்துக்கே அந்த முகாம்களில் இந்தச் சீட்டை மாவட்ட நிர்வாகம் நடைமுறைப்படுத்த வேண்டும். அசித்ரோமைசினை எச்1 அட்டவணையின் பதிவேட்டு விதிக்குள் கொண்டுவர மாநில அரசு மத்திய அரசை வலியுறுத்த வேண்டும்.