பொட்டிபுரத்தில் எழாத வளாகம்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், ஏலமலைத் தொடரின் கீழைச் சாரலில், பொட்டிபுரம் என்றொரு சிற்றூர் உண்டு. மலைமேல் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூருக்கு இறங்கி வந்து ஏலம் போகும். பருவமழையோ பெரும்பாலும் அப்பாலுள்ள மலையாள நாட்டிலேயே பெய்து தீர்ந்துவிடும். இப்பக்கத்துக்கு எஞ்சுவது மானாவாரிப் புன்செயும், ஆடுமாடு மேயும் கரடுகளுமே. இத்தகைய ஊரில், பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை வளாகம் எழுவதாக இருந்தது. எழவில்லை. கட்டி முடித்தவற்றுக்குக் கல்வெட்டு உண்டு; கட்டாமல் நின்றவற்றுக்கு எவரும் வரலாறு எழுதுவதில்லை. அக்குறையை ஓரளவேனும் போக்கவே இதனை வரைகின்றோம்.

மத்ரஸாவில் ஸர்பும் நஹ்வும் ஓதிய நமக்குப் பௌதிகத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் வினவலாம். கல்விக்கூடத்தின் கதை எதுவாயினும் அது ஆசிரியனுக்கு உரியதே.

நியூட்ரினோ என்பது மின்னேற்றம் இல்லாத மிக நுண்ணிய துகள். சூரியனிலிருந்தும் வான்வெளியிலிருந்தும் அது இடையறாது பொழிகின்றது. நம் உடலையும் இப்பூமியையும் ஊடுருவிச் செல்கின்றது. எதனோடும் எளிதில் மோதுவதில்லை. ஆகவே அதனைக் காண்பது அரிது. வானிலிருந்து வரும் ஏனைய துகள்களின் இரைச்சல் அடங்கிய இடத்திலே, அதாவது பாறையின் ஆழத்திலே, கருவியை வைத்துக் காத்திருக்க வேண்டும். இக்கலையில் நம் நாடு பின்தங்கியதன்று. கர்நாடகத்துக் கோலார் தங்கச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களுடன் சேர்ந்து 1965-ஆம் ஆண்டிலேயே வளிமண்டல நியூட்ரினோவின் அடையாளத்தைக் கண்டனர். அவ்வாண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் முயன்றோரும் கண்டனர். உலகில் இவ்விரு குழுவினரே முதல்வர்கள். பின்னர்த் தங்கம் குறைந்தது. 2001-இல் சுரங்கமும் மூடப்பட்டது. ஒளிந்திருந்து நோக்க நமக்கு வேறோர் ஆழம் வேண்டியதாயிற்று.

முதலில் நாடப்பட்ட இடம் நீலகிரியின் சிங்காரா. அது முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்தமையால் 2009-இல் மத்திய வனத்துறை இசைவு மறுத்தது. அதன்பின் தேடியவர்கள் போடி மேற்கு மலைக்கு வந்தனர். சார்னோக்கைட் எனும் உறுதியான பாறை. சுற்றிலும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கனம். ஆய்வாளர் மனத்தில் வரைந்த மலையே எதிரில் நின்றது போலும்! இரண்டு கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கப்பாதை குடைந்து, அதன் முடிவில் 50,000 டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவியை நிறுவுவது திட்டம். மாணவர்களை ஆயத்தம் செய்யும் பணி 2008-இலேயே தொடங்கிவிட்டது. மதுரையில் காமராசர் பல்கலைக்கழகத்தின் அருகே, வடபழஞ்சியில், துணை மையத்துக்கு நிலம் எடுக்கப்பட்டது. 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது.

அம்மலையை அவ்வூரார் அம்பரப்பர் என்று பெயரிட்டுப் போற்றுவர். கால்நடையின் மேய்ச்சல் அதன் அடியில். வேலி எழுந்தபோது மேய்ச்சல் வழி தடைப்படுமே என்றனர். வெடி வைத்தால் முல்லைப் பெரியாற்று அணைக்கு என்னாகும் என்றனர். தண்ணீரைப் பங்கிட வேண்டி வருமே என்றனர். கதிர்வீச்சு வருமென்ற அச்சமும் பரவியது. இக்கடைசி அச்சத்துக்கு ஆதாரமில்லை. வானிலிருந்து தாமே வரும் துகளைப் பார்த்திருப்பது தவிர அக்கருவி எதனையும் உமிழாது. ஏனையவை அப்படியன்று. மேய்ச்சலும் நீரும் உழைத்துண்போரின் நியாயமான கவலைகள். அவற்றையும் கதிர்வீச்சுப் பேச்சோடு ஒரே மூட்டையில் கட்டி, 'அறியாமை' என்று முத்திரையிட்டோரை நாம் ஏற்பதற்கில்லை.

ஏனெனில் அதே வட்டத்தில் வேறொரு கல்விக்கூடத்தின் கதையும் உண்டு. உத்தமபாளையத்தில் 1956-ஆம் ஆண்டு ஹாஜி கருத்த ராவுத்தர் அவர்கள் நிறுவிய ஹௌதியா கல்லூரியை நம் வாசகர் பலரும் அறிவர். அப்பெயர் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் 'கௌது' என்னும் சிறப்புப் பெயரைத் தாங்கி நிற்பது. கல்லூரியின் வாயிலோ எல்லாச் சமயத்தார்க்கும் திறந்தே இருந்தது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்து, 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதன்கீழ் வந்தது. உழவர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே பௌதிகமும் கணிதமும் படித்தனர். போடியிலேயே 2012-இல் அரசினர் பொறியியற் கல்லூரி ஒன்றும் வந்தது. அதனை எதிர்த்து எவர் கிளர்ந்தார்? இவ்வட்டாரத்தார் கல்விக்குப் பகைவர் என்று சொல்ல நாக்கூசுகின்றது.

அப்படியாயின் பிழை எங்கே? நம் கருத்தில், ஒரு சொல்லிலே இருந்தது. சுற்றுச்சூழல் இசைவு கோரிய தாளில் இத்திட்டம் 'கட்டுமானப் பணி' என்ற வகையில் சேர்க்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டின் விதிப்படி அவ்வகைக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமில்லை. மலையைக் குடைவது ஏட்டில் மாடி கட்டுவதாயிற்று! அறிஞர்கள் ஊர்க்கூட்டங்களில் விளக்கம் சொல்லாமல் இல்லை. ஆயினும் விளக்கம் சொல்வது வேறு, சட்டப்படி அமர்ந்து கேட்பது வேறு. அரபியில் 'கால' என்பதற்கும் 'ஸமிஅ' என்பதற்கும் உள்ள தொலைவு அது.

வழக்குகள் எழுந்தன. 2015 மார்ச்சில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிப் பணி தொடங்கலாகாது எனத் தடுத்தது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. கேரளத்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்ததே அதற்கு முக்கிய காரணம். மறு ஆண்டு மத்திய அரசு, சிறப்பு நேர்வாகக் கருதி அனுமதி தந்தபோதும் பழைய கட்டுமான வகையையே பிடித்துக்கொண்டது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு, இத்திட்டத்துக்கு இடமளிக்க இயலாதென உச்ச நீதிமன்றத்தில் உறுதிபடக் கூறியது.

இஸ்லாமிய வரலாற்றிலும் நோக்குக்கூடங்கள் இருந்தன. 1259-இல் நசீருத்தீன் தூசீ மராகாவில் தொடங்கிய கூடத்துக்கு நூலகமும் மாணவர் பயிற்சியும் வக்பு வருவாயும் இருந்தன. இஸ்தன்பூலில் தகியுத்தீன் 1577-இல் எழுப்பிய கூடமோ 1580-இல் சுல்தானின் ஆணையால் இடிக்கப்பட்டது. பொட்டிபுரத்தை இவ்விரண்டாவதோடு ஒப்பிட்டுப் பேசுவோர் உண்டு. அது பொருந்தாத உவமை. அங்கே இடித்தவர் ஆண்டவர். இங்கே தடுத்தவர் நிலத்தின் மேல் வாழ்பவர்.

இழப்பு இல்லையென்று நாம் சொல்லவில்லை. 2015-இல், இங்கே தடை விழுந்த அதே ஆண்டில், நியூட்ரினோ தன் வகையை மாற்றிக்கொள்வதைக் கண்டறிந்தமைக்காக ஜப்பானின் கஜிதாவும் கனடாவின் மெக்டொனால்டும் நோபல் பரிசு பெற்றனர். நியூட்ரினோ வகைகளின் எடை வரிசையை அறிவது பொட்டிபுரத்துக் கருவியின் முதன்மை நோக்கம். அதே கேள்வியை முன்னிட்டுச் சீனம் தரைக்கடியில் அமைத்த கூடம் 2025-இல் பணியைத் தொடங்கிவிட்டது. பயிற்சி பெற்ற நம் மாணவர்களுக்கோ, மலைக்குள் செல்ல வேண்டிய கருவியின் சிறு மாதிரி ஒன்று மதுரையில் அமைந்தது. 2018-இல் இயங்கத் தொடங்கிய அதன் எடை 85 டன்.