செயலும் சுவடும்: லினக்ஸ் கோப்பு முறைமைகளில் நினைவகப் பிழைகளைத் தேடிய முப்பது ஆண்டுகள்

கெர்னல் நிலைகுலையும் இடம் ஒன்று. பிழை நிகழ்ந்த இடம் வேறு. நினைவகப் பிழையைத் துரத்தும் எவரும் முதலில் சந்திக்கும் இந்த இடைவெளி, கோப்பு முறைமைகளில் மிகவும் நீளமானது. ஒரு கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடு, கோப்பை மூடிய பிறகும் நினைவகத்திலேயே தங்கியிருக்கும். நிரல் எழுதிய தரவைப் பல நொடிகள் கழித்து வேறொரு கெர்னல் இழை வட்டுக்கு அனுப்பும். இடையில் தனக்கு உரிமையில்லாத முகவரியில் ஒரு நிரல்பகுதி ஒரே ஒரு பைட்டை எழுதிவிட்டால் போதும், அந்தத் தவறு வட்டிலேயே பதிந்து கணினியை மீண்டும் தொடங்கிய பின்னும் தொடரும். செயலுக்கும் சுவட்டுக்கும் நடுவே உள்ள இந்தத் தொலைவு எப்படிச் சுருங்கியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இத்துறையின் வளர்ச்சியை, பிடிபட்ட பிழைகளின் எண்ணிக்கையைவிட இந்தச் சுருக்கத்தைக் கொண்டு அளப்பதே பொருத்தம் என்பது என் வாதம்.

சன் நிறுவனத்தின் ஜெஃப் பான்விக் 1994இல் யூசெனிக்ஸ் கோடைக்கால மாநாட்டில் 'ஸ்லாப்' என்ற நினைவக ஒதுக்கியை விளக்கினார். ஐநோடு போன்ற ஒரே வகைப் பொருள்களை ஒன்றாக அடுக்கி வேகம் கூட்டுவதே அதன் முதல் நோக்கம். பிழை தேடுவோருக்கு அது தந்த கொடை வேறு: விடுவித்த நினைவகத்தை 'டெட்பீஃப்' என்று படிக்கத்தக்க பதினாறடிமான எண்ணால் நிரப்பிவைக்கும் வசதி. லினக்ஸில் அந்த வேலையை '6பி' என்ற பைட் செய்தது. கெர்னல் இடறும்போது வெளிவரும் 'ஊப்ஸ்' அறிக்கையில் 6பி6பி6பி6பி என்ற தொடரைக் கண்டால், விடுவித்த பொருளை யாரோ இன்னும் பயன்படுத்துகிறார்கள் என்று அனுபவசாலிகள் உடனே சொல்லிவிடுவார்கள். தப்பு நடந்திருப்பது அதனால் உறுதியானது. தப்புச் செய்தது எந்த வரி என்பது பெரும்பாலும் தெரியாமலே போனது.

அந்த வரியைத் தேடும் வழி குறித்தும் கருத்து வேறுபாடு இருந்தது. லினக்ஸ் கெர்னலுக்குள் ஊடாடும் பிழைதிருத்தி வேண்டாம் என்று லினஸ் டோர்வால்ட்ஸ் 2000இல் வெளிப்படையாக மறுத்தார். நிரலைக் கவனமாகப் படித்துப் புரிந்துகொள்வதையே அவர் வலியுறுத்தினார். அத்தகைய பிழைதிருத்தியான 'கேஜிடிபி' 2008இல்தான் 2.6.26 பதிப்பில் இடம்பெற்றது. அவருடைய மறுப்பில் நியாயம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது: பிழை நிகழ்ந்து வெகு நேரம் கழித்துக் கெர்னலை நிறுத்திப் பார்ப்பதால், செயலுக்கும் சுவட்டுக்கும் உள்ள தொலைவு குறைவதில்லை.

இதற்கிடையே கேள்வியின் திசை மாறியது. ஸ்டான்ஃபோர்டில் டாசன் எங்லரின் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, வட்டையே எதிராளி தரும் உள்ளீடாகக் கருதியது. நிரலின் பாதைகளைக் குறியீட்டு முறையில் ஆராய்ந்து, கெர்னலை வீழ்த்தும் வட்டுப் படிமங்களை அவர்களின் கருவி தானாகவே உருவாக்கியது. ஈஎக்ஸ்டி2, ஈஎக்ஸ்டி3, ஜேஎஃப்எஸ் மூன்றுமே அதில் சறுக்கின. அதே ஆண்டு நவம்பரில் நடந்த 'கெர்னல் பிழைகளின் மாதம்' என்ற முயற்சியில், ஸ்டீவ் கிரப் எழுதிய 'எஃப்எஸ்ஃபஸ்ஸர்' சிதைத்த படிமங்கள் லினக்ஸோடு வேறு இயங்குதளங்களையும் கவிழ்த்தன. வட்டில் உள்ளதைத் தன் கையெழுத்துபோல் நம்பிவந்த நிரல், அது பிறர் எழுதியதாகவும் இருக்கலாம் என்பதை அப்போதுதான் உணரத் தொடங்கியது.

நினைவகத்தின் ஒவ்வொரு தொடுகையையும் கண்காணிக்கும் முதல் பெரிய முயற்சியான 'கேமெம்செக்' 2009இல் சேர்ந்தது. தொடக்க மதிப்பு இடாத நினைவகத்தைப் படிப்பதை அது பிடித்தது. ஆனால் ஒவ்வொரு தொடுகைக்கும் பக்கப் பிழையை எழுப்பியது. ஒரே செயலியில்தான் ஓடியது. இழைகள் மோதும்போது மட்டும் தலைகாட்டும் பிழைகளுக்கு அதனால் பயன் குறைவு. 2017இல் அதை நீக்கினார்கள்.

தொலைவை ஏறக்குறைய இல்லாமல் செய்தது 'கசான்'. கூகுள் குழு 2012இல் பயனர் நிரல்களுக்காக வெளியிட்ட 'அட்ரஸ் சானிட்டைசர்' முறையை ஆண்ட்ரே ரியாபினின் கெர்னலுக்குள் கொண்டுவந்தார். அது 2015இல் 4.0 பதிப்பில் சேர்ந்தது. நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் நிழலாக ஒதுக்கப்படுகிறது. நிழலில் சுழியம் இருந்தால் 8 பைட்டையும் தொடலாம். 1 முதல் 7 வரை இருந்தால் முதல் அத்தனை பைட்டுகளை மட்டும் தொடலாம். குறை எண் இருந்தால் எதையும் தொடக்கூடாது. ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் முன்பாக நிழலைப் பார்க்கும் சோதனையைத் தொகுப்பியே நிரலில் செருகிவிடுகிறது. விடுவித்த பொருளை உடனே வேறொருவருக்கு ஒதுக்காமல் சிறிது காலம் தடுத்துவைக்கும் ஏற்பாடு 2016இல் வந்தது. பொருள் எங்கே ஒதுக்கப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது, பிறகு அதைத் தொட்டது யார் என்ற மூன்று அழைப்புத் தடங்களும் ஒரே அறிக்கையில் கிடைத்தன. நாள்கணக்கில் ஊகித்துக்கொண்டிருந்த ஒன்று கண்முன் எழுத்தாக வந்த அந்த மாற்றத்தின் பெருமையை எவ்வளவு சொன்னாலும் தகும்.

ஆனால் கசான், நிரல் ஓடிய பாதையில் மட்டுமே காவல் நிற்கும். பாதைகளுக்கு அதை அழைத்துச் செல்லும் வேலையை, கணினி அழைப்புகளைத் தானாக உருவாக்கிச் சோதிக்கும் டிமித்ரி வியூகோவின் 'சிஸ்காலர்' ஏற்றது. கோப்பு முறைமைக்கு ஒரே நேரத்தில் இரண்டு உள்ளீடுகள் உண்டு: வட்டுப் படிமம், அதன்மேல் நிகழும் கணினி அழைப்புகள். ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2019இல் முன்வைத்த 'ஜானஸ்' இரண்டையும் சேர்த்தே மாற்றியது. படிமத்தின் மீத்தரவை மட்டும் குலைத்து, சரிபார்ப்புத் தொகையை மீண்டும் கணக்கிட்டு எழுதியது. வட்டு தேய்ந்து ஏற்படும் சிதைவைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புத் தொகை, வேண்டுமென்றே செய்த சிதைவைத் தடுக்காது என்பதற்கு இதுவே சான்று.

இத்தனைக்கும் பிறகு ஒரு கழித்தல் கணக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தப்பித்தது. கோப்பு முறைமையை ஏற்றும்போது தரப்படும் மவுண்ட் விருப்பங்களைக் கெர்னல் ஒரு 4096 பைட் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போகும். புதிய விருப்பத்தின் நீளம், 4096இலிருந்து 2ஐயும் ஏற்கெனவே நிரம்பிய அளவையும் கழித்தால் வருவதைவிடப் பெரிதா என்று 2019இல் வந்த 5.1 பதிப்பின் நிரல் சோதித்தது. நிரம்பிய அளவு 4095ஐத் தொட்டதும் விடை குறை ஒன்று ஆக வேண்டும். குறியற்ற எண்ணில் குறை ஒன்று என்பது மாபெரும் எண். எந்த நீளமும் சோதனையைக் கடந்துவிடும். ஓர் அழைப்பில் 256 பைட்டுக்கு மேல் தர முடியாது. ஆகவே ஒரே கைப்பிடியில் விருப்பங்களைத் திரும்பத் திரும்பச் சேர்த்தால்தான் பிழை வெளிப்படும். 2022 ஜனவரியில் சிவிஇ-2022-0185 என்ற எண்ணோடு வெளியான இப்பிழையைக் கண்டவர்களுக்கு உதவியதும் சிஸ்காலர்தான். கழித்தலைக் கூட்டலாக மாற்றியதே திருத்தம்.

கருவிகளின் எல்லையைக் காட்டுவது அடுத்து வந்த 'டர்ட்டி பைப்'. சுருக்கி வைத்த வலைவழங்கிப் பதிவுக் கோப்புகளின் கடைசி 8 பைட்டுகள் கெட்டுப்போவதாக 2021இல் வந்த புகாரைத் தொடர்ந்து சென்ற மாக்ஸ் கெல்லர்மன், 2022 பிப்ரவரியில் காரணத்தை எட்டினார். கோப்பின் பக்கத்தை நகலெடுக்காமலே குழாயில் இணைக்கும்போது, ஒரு கொடியின் பழைய மதிப்பு துடைக்கப்படாமல் தங்கியது. இந்த விடுபாடு 2016 முதலே இருந்தது, 2020இல் 5.8 பதிப்பு அக்கொடிக்குப் புதிய பொருள் தந்தபோது ஆபத்தானது. அந்த நினைவகம் முறையாக ஒதுக்கப்பட்டது, ஒதுக்கும்போதே சுழியமிடப்பட்டதும்கூட. முகவரி சரியானது, ஆயுளும் முடியவில்லை. கசான் புகார் சொல்ல அங்கே ஒன்றுமில்லை. தொடக்க மதிப்பின்மையைத் தேட 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் சேர்ந்த 'கேஎம்சான்' கூட, மறுபயன்பாட்டில் மிஞ்சிய பழைய மதிப்பைக் குற்றமாக எண்ணாது. இங்கே செயலையும் சுவட்டையும் இணைத்தது ஒரு மனிதரின் விடாப்பிடியான வாசிப்பு.

இப்போது எஞ்சியிருக்கும் சிக்கல் பொறுப்பைப் பற்றியது. வேண்டுமென்றே திரித்த படிமத்தைத் தாங்குவது தங்கள் வடிவமைப்பின் கடமையல்ல என்று எக்ஸ்எஃப்எஸ் பராமரிப்பாளர்கள் சொல்கிறார்கள்; மேசைக்கணினிகளோ செருகிய யூஎஸ்பி குச்சியைக் கேட்காமலே ஏற்றிவிடுகின்றன. ஏற்றப்பட்டிருக்கும் வட்டின்மேல் நேரடியாக எழுதுவதைத் தடுக்கும் விருப்பத்தை ஜான் காரா 2024இல் 6.8 பதிப்பில் சேர்த்தார். அதனால் ஒரு வகைச் சோதனை அறிக்கைகளுக்கு முற்றுப்புள்ளி வைக்க முடிகிறது. கவனிப்பார் குறைந்த பழைய கோப்பு முறைமைகளுக்கு அந்த வழியும் போதவில்லை. ரைசர்எஃப்எஸ் 2022இல் கைவிடப்படவிருப்பதாக அறிவிக்கப்பட்டு, 6.13 பதிப்பில் கெர்னலிலிருந்து முழுவதுமாக நீக்கப்பட்டது.