பல்கலைக்கழகத் தொடக்கநிலைக் கணிதப் பாடம்: நெகிரி செம்பிலான் தோட்டப்புற மாணவர் பின்னணியில் திட்டமிடலும் அமைப்பும்

பல்கலைக்கழகத் தொடக்கநிலைக் கணிதப் பாடம் என்பது அறிவியல், பொறியியல், பொருளியல், கணக்கியல் முதலிய துறைகளில் சேரும் மாணவர்கள் முதலாம் ஆண்டில் பயிலும் பொதுக் கணிதம். மலேசியப் பல்கலைக்கழகங்களில் இது நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் ஆகியவற்றின் அடிப்படைகளைக் கொண்டது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பான், லாபு, ரந்தாவ், போர்ட் டிக்சன், தம்பின், பகாவ் வட்டாரங்களின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் தமிழ் மாணவர்கள் தமிழ்ப்பள்ளி, தேசிய இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்வி என்னும் மூன்று படிகளைக் கடந்து இப்பாடத்தை அடைகிறார்கள். ஒவ்வொரு படியிலும் கற்கும் மொழியும் கணிதம் கற்பிக்கப்படும் முறையும் மாறுகின்றன. எனவே இப்பாடத்தைத் திட்டமிடுவோர், மாணவர் எந்த வழியில் வந்தார் என்பதை முதலில் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

வரலாறு

தோட்டப் பள்ளிக் கணக்கு

நெகிரி செம்பிலானின் சுங்கை ஊஜோங், லிங்கி பகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் அவற்றின் இடத்தைப் பிடித்தது. கங்காணி எனும் தொழிலாளர் தலைவர் வழி ஆள் சேர்க்கும் முறையில் தமிழகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தபோது பிள்ளைகளின் கல்வி ஒரு கேள்வியாக எழுந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தக் கடமைப்பட்டது என்ற நிலையை உருவாக்கின. இன்று மாநிலத்தில் இயங்கும் தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரோடு தோட்டத்தின் பெயரும் ஒட்டியிருப்பது இந்த வரலாற்றால்தான். லாபு, சுவா பெத்தோங், கெடிஸ், ரீஜண்ட், கெய்ரோ, கெர்பி, செண்டாயான், ஜெராம் பாடாங் ஆகியவை அவற்றுள் சில.

அன்றைய தோட்டப் பள்ளி பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளி. கங்காணியோ தோட்ட எழுத்தரான கிராணியோ பகுதிநேரமாக ஆசிரியப் பணி செய்ததும் உண்டு. தமிழகத்திலிருந்து வந்த பாடநூல்களைக் கொண்டு எழுத்து, வாசிப்பு, வாய்ப்பாடு, நான்கு அடிப்படைக் கணக்குகள் கற்பிக்கப்பட்டன. படிப்பு சில வகுப்புகளோடு நின்றுவிடும். 1936-37-இல் மலாயாவுக்கு வந்து இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி தோட்டப் பள்ளிகளையும் கவனத்தில் கொண்டார். ஆனால் அப்பள்ளிகள் மேற்கல்விக்கு வாசலாக அமையவில்லை. தோட்டத்துக்கு வேண்டியது கையெழுத்துப் போடத் தெரிந்த ஆள். அதற்குமேல் கற்பிக்க நிர்வாகம் பணம் செலவிட விரும்பவில்லை.

இருந்தபோதிலும் தோட்ட வாழ்வில் கணக்கு நிறைந்தே இருந்தது. கிராணி தினமும் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் ஆள் எண்ணி, கொண்டுவந்த ரப்பர் பாலை நிறுத்து, மெட்ரோலாக் கருவியால் அதிலுள்ள உலர் ரப்பரின் விழுக்காட்டைப் பார்த்துக் கூலியைக் கணித்தார். நூறு கிலோ பாலில் முப்பது விழுக்காடு உலர் ரப்பர் இருந்தால் கூலிக்கு உரியது முப்பது கிலோ மட்டுமே. இந்த விழுக்காட்டைத் தாமே சரிபார்க்கும் அறிவு தொழிலாளிக்குக் கிடைக்காததே அக்காலக் கல்வியின் பெரும் குறை.

பல்கலைக்கழகத்தில் கணிதம்

மலாயாவில் பட்டப்படிப்புத் தரத்தில் கணிதம் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் கல்லூரியில் வேரூன்றியது. 1931 முதல் அங்கே கணிதப் பேராசிரியராகப் பணியாற்றிய அலெக்சாண்டர் ஓப்பன்ஹைம், எண் கோட்பாட்டில் 1929-இல் முன்வைத்த ஊகத்தால் உலகப் புகழ் பெற்றவர். அந்த ஊகத்தை 1987-இல் கிரிகோரி மார்குலிஸ் நிறுவினார். ஜப்பானியர் ஆட்சியில் போர்க்கைதியாக இருந்தபோதும் ஓப்பன்ஹைம் சாங்கி முகாமில் கைதிகள் நடத்திய கல்வி வகுப்புகளுக்குத் தலைமை ஏற்றார். ராஃபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியும் இணைந்து 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. ஓப்பன்ஹைம் 1957 முதல் 1965 வரை துணைவேந்தராக இருந்தார். 1959-இல் கோலாலம்பூர்ப் பிரிவு தொடங்கி, 1962 முதல் அது தனிப் பல்கலைக்கழகமாகியது. அக்காலத்து முதலாண்டுக் கணிதம் இங்கிலாந்துப் பாடத்திட்டத்தைப் பின்பற்றியது. ஆங்கிலப் பள்ளியில் ஆறாம் படிவம் முடித்தவரை மனத்தில் வைத்தே அது வகுக்கப்பட்டது. சிரம்பானில் 1899-இல் நிறுவப்பட்ட செயின்ட் பால்ஸ் போன்ற நகரப் பள்ளிகளின் மாணவருக்கு அது பொருந்தியது. தோட்டப் பிள்ளை அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

மொழி மாற்றங்கள்

விடுதலைக்குப் பின் தமிழ்ப்பள்ளி மாணவர் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயிலும் முறை வந்தது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 1983-இல் அம்மாற்றம் பல்கலைக்கழக முதலாண்டைத் தொட்டது. மலாயை முதன்மை மொழியாகக் கொண்டு 1970-இல் தொடங்கிய மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் பாங்கி வளாகம் நெகிரி செம்பிலானின் எல்லையை அடுத்து உள்ளது. 2003 முதல் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அத்திட்டத்தைக் கைவிடுவது 2009-இல் அறிவிக்கப்பட்டது. 2012 முதல் தமிழ்ப்பள்ளிகள் மீண்டும் தமிழுக்குத் திரும்பின. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்து புதிய குழப்பத்தை உண்டாக்கியது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைவதே சிறந்தது என்பதை யுனெஸ்கோ 1953-லேயே தெளிவாக்கிவிட்டது. தமிழில் எண்ணக் கற்ற பிள்ளை பின்னர் எந்த மொழியிலும் கணிதம் கற்க முடியும்.

நுழைவழிகளின் வகைப்பாடு

முதலாண்டு வகுப்பில் அமரும் மாணவர் ஏறத்தாழ அனைவரும் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதியவர்கள். நான்காம், ஐந்தாம் படிவங்களில் கூடுதல் கணிதம் எடுத்தாரா என்பதே முதல் பிரிவினை. சார்புகள், மடக்கை, முக்கோணவியல், வகையீடு, தொகையீடு, திசையன் ஆகியவை அப்பாடத்தில்தான் விரிவாக வருகின்றன. போதிய மாணவர் சேராததால் கூடுதல் கணித வகுப்பு இல்லாத பள்ளியில் படித்தவருக்குப் பல அறிவியல் துறைகள் அப்போதே மூடிவிடுகின்றன. அதன்பின் உள்ள வழிகள் வருமாறு:

1. எஸ்.டி.பி.எம். ஆறாம் படிவத்தில் ஒன்றரை ஆண்டு நடக்கும் படிப்பு. 2012 முதல் மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கணிதம் 'டி' பாடத்தில் முதல் தவணை இயற்கணிதமும் வடிவகணிதமும், இரண்டாவது நுண்கணிதம், மூன்றாவது புள்ளியியல். கலப்பெண், வகைக்கெழுச் சமன்பாடு, கருதுகோள் சோதனை வரை செல்வதால் இதுவே மிக வலுவான ஆயத்தம்.

2. மெட்ரிகுலேசன். கல்வி அமைச்சு நடத்தும், பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. மாநிலத்தில் கோலாப்பிலாவில் ஒரு கல்லூரி உள்ளது. பூமிபுத்ரா மாணவருக்காகத் தொடங்கிய இத்திட்டத்தில் 2003 முதல் பிற இனத்தவருக்குப் பத்து விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. வேகமாக நகர்வதால் பயிற்சிக்கு நேரம் குறைவு.

3. அடித்தளக் கல்வி. அரசுப் பல்கலைக்கழகங்களின் அசாசி மையங்களும், நீலாயில் உள்ள இண்டி போன்ற தனியார் பல்கலைக்கழகங்களின் ஓராண்டுத் திட்டங்களும் இதில் அடங்கும்.

4. டிப்ளோமா. பாலிடெக்னிக் வழியாக வருவோர் செயல்முறைக் கணிதத்தில் தேர்ந்தவர்கள். நிறுவல் அவர்களுக்குப் பழக்கமற்றது.

ஒரே வகுப்பில் இந்நான்கு வழியினரும் அமர்கிறார்கள். ஒருவருக்கு முதல் ஆறு வாரம் முன்பே படித்தது. இன்னொருவருக்கு ஒவ்வொரு வரியும் புதியது.

பாடத்தின் கட்டமைப்பு

2007-இல் நிறுவப்பட்ட மலேசியத் தகுதி முகமையின் விதிப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. 14 வாரப் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு மணி விரிவுரையும் ஒரு மணி பயிற்சி வகுப்பும் வைத்தால் 42 மணி ஆகிறது. எஞ்சிய 78 மணி மாணவர் தாமே படிக்க, பயிற்சி செய்ய, தேர்வெழுத உரியது. பாடத்தைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் 42 மணிக்கே திட்டம் தீட்டுகிறார்கள். மாணவரின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது அந்த 78 மணி. வீட்டில் படித்து வழிகாட்டும் அண்ணனோ அக்காவோ இல்லாத முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவருக்கு அந்நேரத்தில் என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தருவதில்லை. எனவே வாரந்தோறும் செய்ய வேண்டிய கணக்குகள், படிக்க வேண்டிய பக்கங்கள், எதிர்பார்க்கும் நேரம் ஆகியவை பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் வழங்கப்பட வேண்டும்.

கற்றல் விளைவு, கற்பித்தல், மதிப்பீடு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்னும் ஜான் பிக்ஸின் கொள்கையே இன்றைய மலேசியப் பாட ஆவணங்களின் அடிப்படை. நிறுவல் எழுதத் தெரிய வேண்டும் என்று விளைவில் குறித்துவிட்டு, தேர்வில் சூத்திரத்தில் எண்ணை இடும் கணக்கு மட்டும் கேட்டால் ஆவணம் வெறும் காகிதமாகிவிடும்.

நுண்கணிதப் பகுதிக்கு 14 வாரத்துக்குரிய நல்லதொரு பகிர்வு: முதல் இரண்டு வாரம் சார்புகள், வரைபடம், சமனிலி, அடுத்த இரண்டு வாரம் எல்லையும் தொடர்ச்சியும், ஐந்து முதல் எட்டு வரை வகையீடும் அதன் பயன்பாடும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தொகையீடு, கடைசி இரண்டு வாரம் எளிய வகைக்கெழுச் சமன்பாடும் மீள்பார்வையும். இடைத்தேர்வு ஏழாம் வாரத்தில் அமைவது முறை. அதற்குப் பிந்தினால் தடுமாறும் மாணவரைக் கைதூக்கிவிடக் காலம் போதாது.

எடுத்துக்காட்டுகள் மாணவர் அறிந்த உலகிலிருந்து வருவது பயன் தரும். பால்மரத்தைச் சீவியவுடன் பால் வேகமாக வடிந்து, சில மணி நேரத்தில் நின்றுவிடும். வடியும் வேகத்தை நேரத்தின் சார்பாக எழுதித் தொகையிட்டால் மொத்தப் பாலின் அளவு கிடைக்கும். செம்பனையின் விளைச்சல் சில ஆண்டு ஏறி, நிலைத்து, பின் இறங்குகிறது. ஏறத்தாழ 25 ஆண்டில் மறுநடவு நடக்கிறது. நட்ட நாளிலிருந்து கணக்கிட்ட ஆண்டுச் சராசரி விளைச்சல் எப்போது உச்சத்தை அடையும் என்று வகையிட்டால், அந்தக் கட்டத்தில் அப்போதைய விளைச்சலும் சராசரியும் சமமாக இருக்கும் என்ற அழகிய முடிவு வரும். தோட்ட மேலாளர் அறைக்குள் எடுக்கப்பட்ட முடிவின் கணிதத்தைத் தொழிலாளியின் மகள் பலகையில் எழுதிக் காட்ட முடியும்.

தொடக்கச் சோதனையும் பயிற்சி வகுப்பும்

முதல் வாரத்தில் மதிப்பெண் இல்லாத சோதனை ஒன்று நடத்துவது பரிந்துரைக்கத்தக்கது. பின்னம், அடுக்குக்குறி, சூத்திர மாற்றம், வரைபடம் வாசித்தல் ஆகிய நான்கும் போதும். நுண்கணிதத்தில் ஏற்படும் பிழைகளில் பெரும்பகுதி வகையீட்டில் அன்று, இந்த அடிப்படை இயற்கணிதத்தில்தான் பிறக்கிறது.

சோதனையில் பின்தங்கியவரைத் தனி வகுப்பில் ஒதுக்கிவைப்பது பழைய வழக்கம். அமெரிக்காவின் பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் 1970களில் நடத்திய ஆய்வு வேறு வழியைக் காட்டியது. நுண்கணிதத்தில் தோற்ற கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர், தனித்தனியே பாடுபட்டவர்கள். வென்ற சீன மாணவர்களோ கூடிப் படித்து ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினர். அவர் எளிய கணக்குக்குப் பதில் கடினமான கணக்குகளைத் தந்து, குழுவாக அமர்த்திய பயிற்சிப் பட்டறைகளில் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

மலேசியத் தமிழரிடையே இதற்கு உகந்த மரபு உண்டு. 1982-இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், பல்கலைக்கழக மாணவரையே வழிகாட்டிகளாகக் கொண்டு தோட்டப்புற மாணவருக்கு வகுப்புகள் நடத்தியது. அங்கு வளர்ந்த கூடிப் படிக்கும் பழக்கத்தைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி வகுப்பும் ஏற்க வேண்டும். 20 பேருக்கு மிகாத குழு, பலகையில் மாணவரே தீர்க்கும் முறை, மூத்த மாணவர் ஒருவரின் துணை ஆகியவை அதன் உறுப்புகள்.

மதிப்பீடும் மொழியும்

பல துறைகளில் தொடர் மதிப்பீட்டுக்கு 40, இறுதித் தேர்வுக்கு 60 விழுக்காடு என்ற பகிர்வு வழங்குகிறது. இரு வாரத்துக்கு ஒரு சிறுதேர்வு வைத்து, ஒரு வாரத்துக்குள் திருத்தித் தருவது ஒற்றை இடைத்தேர்வை மட்டும் நம்புவதைவிடப் பயனுள்ளது. தமிழிலும் மலாயிலும் படித்து ஆங்கிலப் பாடநூலை எதிர்கொள்ளும் மாணவருக்கு மும்மொழிக் கலைச்சொற்பட்டியல் ஒன்றை முதல் நாளிலேயே வழங்குவது கடமை. கேள்வியின் மொழி புரியாமல் இழக்கும் மதிப்பெண் கணித அறிவை அளப்பதாகாது.

இன்றைய நிலை

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-லும் மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 2022-லும் நீக்கப்பட்டதால் எஸ்.பி.எம். மாணவர் எழுதும் முதல் பொதுத்தேர்வானது. 2024-இல், எஸ்.பி.எம்.மில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் பெற்றோர் எவ்வினத்தவராயினும் மெட்ரிகுலேசன் இடம் பெறுவர் என அரசு அறிவித்தது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகி, குடும்பங்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்துள்ளன. தோட்டப் பெயர் தாங்கிய பள்ளிகள் சில புதிய இடங்களில் இயங்குகின்றன. முதலாண்டுப் பாடங்களின் விரிவுரைகள் பல இப்போது இணையத்திலும் கிடைக்கின்றன.