கோவளத் துறைமுகம்

நான் வாழும் பள்ளிக்கரணையில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. ஆயினும் ஒரு பழந்துறைமுகத்தைப் பற்றிப் பேச அவ்வூரிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் சதுப்பு நிலத்தில் சேரும் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைகிறது. பின்பு தெற்கே சென்று, முட்டுக்காட்டை அடுத்த கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. அந்நீர் செல்லும் வழியே நாமும் சென்றால் கோவளத்தை அடைவோம்.

கடலுக்குள் நீண்ட நிலமுனையைக் கோவளம் என்பது தமிழ் வழக்கு. சோழமண்டலக் கரையின் பிற ஊர்களிற்போல, அக்காலத்தில் இங்கும் கப்பல்கள் கரையை அணுகவில்லை. அவை தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. மீனவரின் படகுகளும் கட்டுமரங்களுமே அலைகளைக் கடந்து, ஆட்களையும் சரக்குகளையும் கரை சேர்த்தன. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆஸ்டெண்டு நகர வணிகர் இங்கே பண்டகசாலை அமைத்தனர். அவர்களுடைய கம்பெனிக்கு 1722-இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் சாசனம் வழங்கினார். பிற ஐரோப்பிய வல்லரசுகளின் எதிர்ப்பால் 1731-இல் அக்கம்பெனி கலைக்கப்பட்டது.

அதன் பின்னர், 1740-களில், ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் இங்கே கோட்டை கட்டினார். அதன் பெயர் சாதத் பந்தர். ‘பந்தர்’ என்ற பாரசீகச் சொல்லுக்குத் துறைமுகம் என்பது பொருள். 1750-இல் பிரெஞ்சுக்காரர் அதை வஞ்சனையால் கைப்பற்றினர். கப்பலில் வந்த வீரர்கள் நோயாளிகளைப்போல் நடித்தனர். இரக்கத்தால் உள்ளே சேர்க்கப்பட்டவர்கள், இடங்கொடுத்தவர்களையே வென்றனர். 1752-இல் ராபர்ட் கிளைவ், பயிற்சி குறைந்த புதிய வீரர்களைக் கொண்டே அதனைப் பிடித்தார். கோட்டையும் வெடிமருந்தால் தகர்க்கப்பட்டது. கட்டி முடித்துப் பத்தாண்டு நிறைவதற்குள் சாதத் பந்தர் மறைந்தது!

ஆனால் மாணவ நண்பர்களே, கோவளத்தில் நிலைத்தவையும் உண்டு. கைலாசநாதர் கோயிலில் வழிபாடு நடைபெறுகிறது. தமீமுல் அன்சாரி தர்காவில் அடங்கியிருப்பவர் நபிகள் நாயகத்தின் தோழர் என்பதும், அவர் உடலைத் தாங்கிய பேழை கடல்வழியே இக்கரைக்கு வந்தது என்பதும் அடியார்களின் நம்பிக்கை. 1808-இல் ஜான் டி மாண்டி என்னும் சென்னை வணிகர் எழுப்பிய கார்மேல் மாதா ஆலயமும் அங்கே உள்ளது. சிறிய ஓர் ஊரில் மூன்று சமயத்தாரும் ஒரே கடற்கரையில் வணங்கி வருகின்றனர்.

கோட்டை அழிந்தது, இவை நிலைத்தன. காரணம் யாது? பீரங்கியை நம்பி நின்றது, அதனினும் வலிய பீரங்கி வந்தபோது வீழ்ந்தது. மக்களை நம்பி நின்றவற்றை மக்கள் காத்தனர். கப்பலுக்கு உடையவர்கள் மாறினார்கள். படகு செலுத்திய குலத்தார் மாறவில்லை.

அவர்களுடைய வாழ்வு கழிமுகத்தையும் சார்ந்தது. மேட்டிலிருந்து நல்ல நீர் வந்தால் கழியில் மீனும் இறாலும் பெருகும். கழிவுநீர் வந்தால் அவை குன்றும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், முன்பிருந்த பரப்பில் அது சிறு பகுதியே. குப்பையும் கட்டடங்களும் எஞ்சியதை விழுங்கிவிட்டன.

கோவளத்தின் வரலாற்றைக் காப்பது கோவளத்தார் கடமை மட்டுமன்று. எங்கள் ஊரில் நாங்கள் நீரில் எறிவது, அவர்கள் வலையில் போய்ச் சேர்கிறது. அந்நீரைத் தூயதாக அனுப்புவதே, அப்பழந்துறைக்கு நாங்கள் செலுத்தவேண்டிய முதற் கடன்.