பெடல் ஏன் தரையைத் தொட்டது?

இந்த எபிசோட் ஒரு பக்ல இருந்து ஆரம்பிக்குது. கோட்ல இல்ல, பிரேக்ல.

எங்க பெரியப்பாகிட்ட 1964 மாடல் கார் ஒண்ணு இருக்கு. ஏற்காட்டுல இருந்து இறங்கும்போது, பாதி மலையில பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. நாலு சக்கரத்துலயும் பிரேக் இல்ல! ரெண்டாவது கியருக்கு இறக்கி, கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, பாறை ஓரமா ஒதுக்கி நிறுத்திட்டார். அரை மணி நேரம் கழிச்சு மிதிச்சா பெடல் கல்லு மாதிரி நிக்குது. சேலத்துல மெக்கானிக் மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் பார்த்துட்டு, "எங்கயும் லீக் இல்லையே சார்"ன்னார். நம்ம பாஷையில, ரீப்ரொட்யூஸ் ஆகாத பக்.

விடை தேடப் போய் நூறு வருஷம் பின்னாடி போயிட்டேன்.

ஆரம்பகாலக் கார்களில் பிரேக் என்றால் கம்பியும் கேபிளும்தான். எல்லாச் சக்கரத்துக்கும் இழுவை சமமா இல்லன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் அந்தக் கம்பிக்குப் பதிலாகத் திரவத்தை வைத்தார், 1917-ல் காப்புரிமை. (ஆமா, விமானக் கம்பெனி லாக்ஹீட் அதே குடும்பம்தான்.) அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம். ஸ்கூல்ல படிச்ச பாஸ்கல் விதி, அவ்ளோதான். 1921-ல் டூசன்பெர்க், 1924-ல் கிரைஸ்லர் என்று அது பரவியது.

ஹென்றி ஃபோர்டு கம்பெனி மட்டும் அசையல. பெடலில் இருந்து சக்கரம் வரை எஃகு என்பதையே பெருமையாக விளம்பரம் செய்தது. 1939 மாடலில்தான் திரவத்துக்கு மாறியது. பிடிவாதம்னு சிரிக்கத் தோணும். ஆனா அந்தப் பயத்துல நியாயம் இருந்துச்சு. அன்றைய அமைப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் மொத்தமும் போச்சு. 1968-ல்தான் அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு இரட்டைச் சர்க்யூட் கட்டாயமானது. பெரியப்பா கார் அதுக்கு முந்தினது.

சரி, லீக் இல்லாம பெடல் ஏன் போச்சு? நாம "பிரேக் ஆயில்"னு சொல்றது ஆயிலே இல்ல. கிளைக்கால் வகைத் திரவம். (பேரை நம்பி இன்ஜின் ஆயிலை ஊத்திடாதீங்க, ரப்பர் எல்லாம் ஊதிடும்.) அது காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 திரவம் புதுசா இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது; ஈரம் ஏறினதுக்கு அந்த வரம்பே 140தான். மலை இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம் கொதிக்கும், சூடு வீல் சிலிண்டருக்குப் போகும், திரவம் ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடலும் இறங்கும். ஆறினதும் ஆவி மறுபடி திரவம். தடயமே இருக்காது!

லீக்கா இருந்தா டப்பாவுல அளவு குறையும். மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் தேஞ்சா, நின்ன வண்டியிலயே பெடல் மெதுவா இறங்கும். மலையில மட்டும், சூட்டுல மட்டும்னா திரவத்தைத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

அன்னைக்குக் காப்பாத்தினது எதுன்னு பாருங்க: கைபிரேக். திரவமே தொடாத, பழைய ஃபோர்டு பாணிக் கேபிள்.

திரும்பப் போய் பிளீட் பண்ணச் சொன்னோம். வெளிய வந்தது காபி டிகாக்ஷன் நிறத்துல இருந்துச்சு. "கடைசியா எப்போ மாத்தினீங்க பெரியப்பா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சார். "அதை மாத்தணுமாடா?"